ஆத்திர அவசரத்துக்கு

தண்ணீர் வரும் நாளில் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. இட்லிப் பானையில் தண்ணீர் இருக்கும். குக்கர், தூக்குவாளி, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, மிக்ஸி ஜார் என்று வாய் திறந்திருக்கும் எதையும் அம்மா விடமாட்டாள். அந்த நேரத்தில் நான் கொட்டாவிகூட விடுவதில்லை.

எல்லாம் 2019 கோடையில் பிடித்த பழக்கம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் கையை விரிக்க, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. "தண்ணியே ரயில் ஏறி வருதுன்னா காலம் கெட்டுப் போச்சுடா" என்று நிரப்ப ஆரம்பித்தவள், ஏரிகள் நிரம்பிய பிறகும் நிறுத்தவில்லை. அண்டாவில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அது ஆத்திர அவசரத்துக்கு.

கணக்குப் போட்டுக் காட்டினேன். "ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நாலு பேர், மூணு நாள். 48 லிட்டர் போதும்மா."

"குடிச்சா ஆச்சா? கால் கழுவ வேண்டாமா?"

கணக்கு அங்கேயே முடிந்தது.

ஒருநாள் கொசு ஒழிப்புக்காரர் வந்து அண்டாவுக்குள் டார்ச் அடித்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. "டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான்மா முட்டை போடும். வாரம் ஒரு தடவை கொட்டித் தேய்ச்சுக் கழுவி, மூடி வைங்க" என்றார். அம்மா முகத்தில் பெருமை. "பாத்தியா, நம்ம வீட்டுத் தண்ணி சுத்தம்னு கொசுவுக்கே தெரியுது!" அன்றிலிருந்து வாரா வாரம் அவசரத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புது அவசரத்தை நிரப்புவது என் வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவெல்லாம் தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை. கரண்ட் போய் மோட்டார் ஓடவில்லை. சம்பில் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டாம் நாள், அம்மாவைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீடுகள் எல்லாம் குடத்தோடு வாசலில் நின்றன. அம்மா ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. குக்கர் காலி, இட்லிப் பானை காலி, மிக்ஸி ஜார்கூடக் காலி.

அண்டாவில் சொம்பை விடப் போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது.

"அது ஆத்திர அவசரத்துக்குடா!"

"அப்ப இது என்னம்மா?"

"இதுவா? மழை."