ஃபாரே என்னும் வினை: செய்யாமையின் இலக்கணம்

இத்தாலிய மொழியில் ‘ஃபாரே’ என்றால் செய்தல். இச்சொல்லை ஆராயப் புகுந்து யாம் கண்ட முடிபு: செய்தல் என்னும் இவ்வினை, ஒன்றும் செய்யாதபோதுதான் முழு மூச்சில் இயங்குகிறது.

முதலில் பிறப்பு. ‘ஆரே’, ‘ஏரே’, ‘ஈரே’ என்னும் ஈறுகளால் வினைகளை மூன்று கணமாக வகுப்பர். ‘ஆரே’ ஈறு பெற்றமையின் ஃபாரே முதற்கணத்தது எனின், அற்றன்று. இலத்தீன் ‘ஃபாக்கெரே’ தேய்ந்து வந்தமையின் இரண்டாங்கணத்தது என்பதே புலவர் துணிபு. நடுவிலிருந்த அசையைப் பிறக்கும்போதே கழற்றிப் போட்டுவிட்டது. சுமை குறைப்பதில் அன்றே நாட்டம் போலும். 1583-இல் ஃபிளாரன்சில் தொடங்கிய மொழிக் கழகத்துக்குத் ‘தவிடு’ (க்ரூஸ்கா) என்றே பெயர். மாவையும் தவிட்டையும் பிரிப்பதுபோல் சொற்களைச் சலித்து 1612-இல் அகராதி வெளியிட்டார்கள். ஃபாரேயை எந்தச் சல்லடையில் போட்டாலும் முழுசாகக் கீழே இறங்கிவிடும்.

குளிர்ந்தால் ‘ஃபா ஃப்ரெத்தோ’: குளிர் செய்கிறது. செய்வது யார்? எழுவாய் தலைமறைவு. ‘துவே ஆன்னி ஃபா’ என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு முன். ஆண்டுகள் தாமே செய்துகொண்டு போய்விட்டன. மனிதன் கை வைக்கவேயில்லை.

குளிப்பது, பெட்ரோல் போடுவது, டிக்கெட் எடுப்பது எல்லாம் ஃபாரேயால்தானே நடக்கின்றன எனின், அங்கே உழைப்பது பெயர்ச்சொல். ஃபாரே உடன் நின்று கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவே.

இனி அதன் சொந்த ஊருக்கு வருவோம். இத்தாலியின் விடுதலை நாளான ஏப்ரல் 25 வியாழனில் விழுந்தால், வெள்ளிக்கும் விடுப்பெடுத்து ஞாயிறுவரை இழுப்பதற்குப் ‘பாலம் செய்தல்’ என்று பெயர். கல்லும் இல்லை, காரையும் இல்லை. அந்தப் பாலத்தில் ஏறிக் கடலுக்குப் போய் மல்லாந்து மிதந்தால் ‘பிணம் செய்தல்’. மருத்துவராகத் தொழில் பார்ப்பதையும் இதே அமைப்பில் ‘மருத்துவர் செய்தல்’ என்பார்கள். அவர் மெய்யாகவே மருத்துவரா, மிதக்கிறாரா என்பதை இலக்கணம் காட்டிக்கொடுப்பதில்லை.

கேட்டும் கேளாதிருப்பது ‘வணிகன் காது செய்தல்’. விலையைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு உரை வேண்டா. ஒன்றும் அறியாதவர்போல் விழிப்பது ‘இந்தியன் செய்தல்’. உடனே கொதிக்க வேண்டாம். அந்த இந்தியன் அமெரிக்கப் பழங்குடியினன் என்பர். நாமும் ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிட்டால், அதற்கும் அதே தொடர்தான். டிக்கெட் இல்லாமல் நுழைவது ‘போர்த்துகீசியன் செய்தல்’. 18-ஆம் நூற்றாண்டில் ரோமில், போர்த்துகல் தூதரகம் ஏற்பாடு செய்த நாடகத்துக்குப் போர்த்துகீசியருக்கு மட்டும் இலவச அனுமதியாம். ‘நான் போர்த்துகீசியன்’ என்று சொல்லியே ரோமானியர்கள் உள்ளே போனார்கள் என்று ஒரு கதை. திருடியவன் ரோமானியன், பழி சுமப்பவன் போர்த்துகீசியன். தன் வேலையைப் பிறர் தலையில் கட்டும் கலையில் ஃபாரேக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்விதிக்குப் புறனடை ஒன்று உண்டு. தட்டில் எஞ்சிய தக்காளிச் சாற்றை ரொட்டித் துண்டால் வழித்துத் தின்பது ‘ஃபாரே லா ஸ்கார்பெத்தா’: குட்டிச் செருப்பு செய்தல். ஏன் செருப்பு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விருந்து நாகரிகம் இதை ஒப்புவதில்லை. எனினும் இங்கே மட்டும் ஃபாரே மணிக்கட்டு வலிக்க உழைக்கிறது. இத்தனை சுத்தமாக வழித்த தட்டுக்குப் பிறகு ‘ஃபாரே இ பியாத்தி’, அதாவது பாத்திரம் துலக்குதல், தேவைதானா என்பது தனி ஆய்வுக்குரியது. அதை யாம் மேற்கொள்வதாக இல்லை.