படையல் என்னன்னு போட்டிருக்கா?

எந்தக் கோயிலுக்குப் போனாலும் என் அத்தைக்கு மூலவர் யார் என்பது இரண்டாம்பட்சம். நடைமுறைதான் முதலில் தெரிய வேண்டும். எத்தனை சுற்று, எந்த எண்ணெய், தேங்காய் உடைக்கலாமா, திருநீறா குங்குமமா. இது கைவசம் இருந்தால் எந்தச் சாமியையும் சமாளித்துவிடுவார். அப்படிப்பட்டவரைத்தான் சேலம் மாவட்டம் தியாகனூருக்குப் புத்தரைப் பார்க்க அழைத்துப்போனேன்.

ஆத்தூர் தாண்டி, குச்சிக்கிழங்குக் காடுகளைக் கடந்தால் தலைவாசல். தலைவாசல் என்றாலே இந்தப் பக்கத்தில் காய்கறி மார்க்கெட்தான். அத்தையும் தக்காளி விலையை விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்ந்தார். தியாகனூரில் வழி கேட்டபோது டீக்கடைக்காரர், "எந்தப் புத்தருங்க?" என்றார். சின்ன ஊர்தான், ஆனால் புத்தர் இரண்டு பேர். ஒருவருக்குத் தியான மண்டபம் கட்டிக் குடிவைத்திருக்கிறார்கள், இன்னொருவர் வயல்காட்டில்.

வழியெல்லாம் நான் அத்தைக்குப் பின்னணி சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். பக்கத்து ஆறகளூர்தான் வாணகோவரையர் என்ற சிற்றரசர்களின் தலைநகராக இருந்தது என்றேன். இந்த வட்டாரத்துக்கு அப்போது மகதை மண்டலம் என்று பெயர் என்றேன். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இலேயே 'பௌத்தமும் தமிழும்' எழுதி, தமிழ்நாட்டில் பௌத்தம் இருந்த ஊர்களை எல்லாம் தேடித் தொகுத்துவைத்தார் என்றபோதுதான் அத்தை வாய் திறந்தார்.

"படையல் என்னன்னு போட்டிருக்காரா?"

"இல்லை அத்தை."

"அப்புறம் என்ன புத்தகம்!"

மண்டபத்துக்குள் கருங்கல்லில் புத்தர் உட்கார்ந்திருந்தார். மடிமேல் கைகள். யாரோ காலையில் வைத்துவிட்டுப் போன செவ்வந்திப்பூ, பாதி எரிந்த விளக்கு. அத்தை இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். அர்ச்சனைச் சீட்டு இல்லை. கட்டணத் தரிசனம் இல்லை. முண்டியடிக்க ஆளில்லாததால் எவ்வளவு நேரம் நிற்பது என்றும் விளங்கவில்லை. பெரிய அதிர்ச்சி என்னவென்றால், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்று கேட்கக்கூட ஒருவர் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் நேற்றுப் பிறந்த குழந்தைவரை அத்தனை பேரின் நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பவர் அவர். அந்தக் கலைக்கு இங்கே மேடையே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். போட்டுக்கலாமா?

நல்லவேளையாகக் களைக்கொத்தும் கையுமாக உள்ளூர் அம்மா ஒருவர் வந்து சேர்ந்தார். அத்தை பிடித்துக்கொண்டார்.

"இவருக்கு என்னங்க விசேஷம்?"

"விசேஷமென்னங்க, சாமிதான். போறப்ப வாறப்ப விளக்குப் போடறோம், பூ வெக்கறோம்."

"ஆசையே கூடாதுன்னவராச்சே. ஏதாவது கேட்டாத் தப்பா நெனைக்கமாட்டாரே?"

"அது படிச்சவங்களுக்குச் சொன்னதுங்க. நம்ம கேக்கலாம். நான் மழை கேட்டேன்."

"குடுத்தாரா?"

"மக்காச்சோளம் வெதைக்கறப்பக் கேட்டேன். அறுக்கறப்பப் பேஞ்சுது."

"கோவம் வரலையா?"

"வராம? ரெண்டு நாள் விளக்கே போடலீங்க. அப்புறம் பாவமாப் போச்சு. அவரா வாயத் தொறந்து கேக்கமாட்டாரு பாருங்க."

புத்தரைப் பற்றி நான் படித்த எந்த ஆய்விலும் அவரிடம் கோபித்துக்கொண்டு விளக்கை நிறுத்தியவர்கள் பற்றிய குறிப்பு இல்லை. கல்வெட்டுக்காரர்கள் அவரை நூற்றாண்டில் வைக்கிறார்கள். இந்த அம்மா அவரைப் பங்காளி வரிசையில் வைத்திருக்கிறார். அத்தைக்கும் பிடி கிடைத்துவிட்டது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, மூன்று சுற்று சுற்றி, கண்ணை மூடி வெகுநேரம் முணுமுணுத்தார். நட்சத்திரங்கள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன என்று நினைக்கிறேன். புத்தர் பொறுமைக்குப் பெயர்போனவர்.

சேலம் திரும்பும் வழியில் தலைவெட்டி முனியப்பன் கதையைச் சொன்னேன். நகரத்துக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாக முனியப்பன் என்று கும்பிட்டுவந்த சிலை. வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையைப் பார்த்துச் சொல்லச் சொன்னது. தாமரைப் பீடம், மடியில் கை, சுருள்முடி, நீண்ட காது. துண்டான தலையைப் பிறகு யாரோ சிமென்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சந்தேகமில்லாமல் புத்தர் என்றது அறிக்கை. 2022இல் நீதிமன்றமும் அதை ஏற்று, இது புத்தர் என்று பலகை வைக்கச் சொன்னது. பூசை கூடாது என்றும் சொன்னது.

"முனியப்பன்னா மீசை வேணும், அருவா வேணும், உருட்டி முழிக்கணும்," என்றார் அத்தை. "இவர் சும்மா உக்காந்திருந்தப்ப ஒருத்தருக்குமா சந்தேகம் வரல?"

"வந்திருக்கும். சாமிகிட்டப் போய் எப்படிக் கேட்கறதுன்னு விட்டிருப்பாங்க."

"சரி, முனியப்பன்னு நெனச்சு நேர்ந்துக்கிட்டவங்க கடனை யாருக்குச் செலுத்தறது?"

வரலாறு, தொல்லியல், சட்டம் மூன்றும் சேர்ந்து என்னைக் கைவிட்ட இடம் அது. அத்தையின் முகத்தில் கவலை தெரிந்தது. பெரியவனுக்குப் பெண் அமைந்தால் பொங்கல் வைப்பதாகத் தியாகனூரில் நேர்ந்துவிட்டு வந்திருக்கிறாராம்.

"கோர்ட்டுல யாராவது கேஸ் போடறதுக்குள்ள அவனுக்கு முடிச்சுடணும்," என்றார்.