மார்ஜினில் எழுதச் சொல்கிறார்கள், பெரியப்பா

நியூஜெர்சி
26 அக்டோபர் 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

தீபாவளியன்று போனில் நீங்க கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. உங்க பக்கம் கடையில் ஒரே சத்தம். என் பக்கம் அம்மா, "போனை வைடி, அதிரசம் கருகுது" என்று சத்தம். "பத்தாம் கிளாஸ் வரைக்கும் இங்கேயே இங்கிலீஷ் மீடியத்தில்தானே படிச்சே, அங்கே போய் இங்கிலீஷ்ல புதுசா என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்று கேட்டீங்க. செப்டம்பரிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இங்கே பதினோராம் கிளாஸில் இங்கிலீஷ் ரெண்டு தினுசு. ஒன்று சாதாரணம். இன்னொன்று ஏபி, அதாவது அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே காலேஜ் பாடத்தைப் படித்து, மே மாதம் காலேஜ் போர்டு வைக்கிற பரீட்சையில் ஐந்துக்கு மூன்று, நாலு என்று வாங்கிவிட்டால், பல காலேஜ்களில் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம். கவுன்சிலர் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "வேண்டுமா, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் முடிப்பதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார். அட்வான்ஸ்ட் என்று ஒன்று இருக்கும்போது நம்ம வீட்டுப் பிள்ளை சாதாரணத்தில் உட்காரலாமா? பரீட்சைக்குக் கட்டணம் 99 டாலர். இவர்களும் உங்களை மாதிரியே நூறு என்று எழுத மாட்டார்கள் போலிருக்கிறது.

முதல் நாள் டீச்சர் கிளாஸுக்கு வந்தார் என்று எழுத முடியாது. இங்கே டீச்சர் அறையிலேயே இருப்பார். மணி அடித்தால் நாம்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். கிளாஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் பதறிப்போய், "பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டார். இப்போது உட்கார்ந்தேதான் பதில் சொல்கிறேன். முட்டி மட்டும் பழக்கதோஷத்தில் லேசாக எழுந்து உட்காருகிறது.

ஆனால் என்னை நிஜமாகவே பாடாய்ப் படுத்துவது அனோட்டேஷன் என்கிற சங்கதி. படிக்கிற பக்கத்திலேயே கோடு போட்டு, ஓரத்தில் மனசில் பட்டதை எழுத வேண்டும். எழுதாத பக்கம் படிக்காத பக்கம் என்று கணக்கு. மார்க் உண்டு.

நம்ம வீட்டில் இது நடக்கிற காரியமா? அண்ணன் படித்த புத்தகம் எனக்கு வந்தது, என்னிடமிருந்து தம்பிக்குப் போனது. நான் பென்சிலால் ஒரு டிக் போட்டதற்குப் பெரியம்மா ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நவராத்திரியில் இங்கேயும் பூஜை வைத்தோம். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. டீச்சருக்கோ மறுநாள் காலையில் ஓரம் நிறைய அனோட்டேஷன் வேண்டும். ரெண்டு பக்கமும் யோசித்த அம்மா கடைசியில் கணக்குப் புத்தகத்தை மட்டும் சரஸ்வதியிடம் ஒப்படைத்தாள். இங்கிலீஷுக்கு இந்த வருஷம் கடவுள் துணை இல்லை.

அதோடு முடியவில்லை. பள்ளிக்கூடம் கடனாகக் கொடுத்த புத்தகத்தில் பேனா படக்கூடாது. ஆனால் எழுதவும் வேண்டும். அதற்குத்தான் ஒட்டுச்சீட்டு. மஞ்சள் ஒட்டினால் ஆசிரியர் சொல்ல வருவது, பச்சை ஒட்டினால் அதற்கான ஆதாரம், ரோஸ் ஒட்டினால் உணர்ச்சி, நீலம் ஒட்டினால் நம்ம சந்தேகம். என் புத்தகம் பெரும்பாலும் நீலம். ஒட்டி ஒட்டிப் புத்தகம் வீங்கிப்போய், மூடினால் தானாகவே திறந்துகொள்கிறது. நீங்க கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த பையின் ஜிப் மட்டும் இன்னும் தாங்குகிறது. "இது போகாது, நான் கேரண்டி" என்று நீங்க சொன்னது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை என்று இப்போது நம்புகிறேன்.

சரி, ஓரத்தில் என்னதான் எழுதுவது? முதலில் "குட்", "நைஸ் பாயிண்ட்", "வெரி ட்ரூ" என்று மனசாரப் பாராட்டி எழுதினேன். ஒவ்வொன்றின் கீழேயும் டீச்சர், "ஸோ வாட்?" என்று எழுதியிருந்தார். அடுத்த தடவை கடினமான வார்த்தைகளுக்கெல்லாம் அகராதி பார்த்து அர்த்தம் எழுதினேன். ஸோ வாட்? பத்திச் சுருக்கம் எழுதினேன். ஸோ வாட்? நம்ம ஊரில் 'எ லெட்டர் டு காட்' பாடத்துக்கு லென்சோவின் குணநலனை கைடு பார்த்து அப்படியே ஒப்பித்து முழு மார்க் வாங்கியவள் நான். லென்சோவைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கும் நினைக்கத் தோன்றியதில்லை. இங்கே அதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

இப்படிப் படிக்கும்போது ஓரத்தை நிரப்பச் சொல்கிறவர்கள், நாம் கட்டுரை எழுதும்போது ஓரத்தைத் தொடக்கூடாது என்கிறார்கள். நாலு பக்கமும் ஒரு இன்ச் காலி விட வேண்டும். எழுத்து 12 புள்ளி, வரிக்கு வரி இரட்டை இடைவெளி. இதற்கு எம்எல்ஏ முறை என்று பேர். அப்பா சட்டசபை என்று நினைத்துக்கொண்டார். இந்த முறையில் ஒரே ஒரு ஆறுதல், தேதி: ஊர் முழுக்க மாதத்தை முதலில் எழுதுகிற நாட்டில், இந்தக் கட்டுரையின் தலைப்பில் மட்டும் நம்ம மாதிரி நாளை முதலில் எழுத வேண்டும். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது நான் விட்ட ஒரு இன்ச் முழுக்க டீச்சரின் கையெழுத்து. எதற்காகக் காலி விடச் சொன்னார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் படிக்கக் கொடுத்ததும் ஒரு ஓரத்துக் கடிதம்தான். 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கை அலபாமாவில் பர்மிங்ஹாம் ஜெயிலில் வைத்திருந்தார்கள். அவருடைய போராட்டம் அவசரக் குடுக்கைத்தனம் என்கிற மாதிரி அந்த ஊர் மதத் தலைவர்கள் எட்டுப் பேர், எல்லாரும் வெள்ளைக்காரர்கள், பேப்பரில் அறிக்கை விட்டார்கள். ஜெயிலில் எழுதக் காகிதம் கிடையாது. அதனால் பேப்பரின் ஓரத்திலேயே பதில் எழுத ஆரம்பித்தார். அவர் ஓரத்தில் எழுதியதை நடுவில் அச்சடித்து, அதன் ஓரத்தில் என்னை எழுதச் சொல்கிறார்கள். அவருக்குச் சொல்ல விஷயம் இருந்தது, ஓரம்தான் போதவில்லை. எனக்கு ஓரம் நிறைய இருக்கிறது.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்று அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றைப் படித்தோம். பேசுகிறவன் மேல் நம்பிக்கை வர வேண்டும், கேட்கிறவன் மனசு இளக வேண்டும், சொல்கிற கணக்கு சரியாக இருக்க வேண்டும். இருபத்து மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய சரக்கு. டீச்சர் போர்டில் முக்கோணம் போட்டு விளக்க விளக்க, எனக்கு நீங்க குடை விற்கிறது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மே கடைசி, மழைக்கு முன்னாலான கூட்டம். ஒரு சேச்சி மூணு மடக்குக் குடையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறே கடையில் விலை குறைவு என்கிறாள். நீங்க சண்டை போடுவதில்லை. "சேச்சி பறஞ்ஞது சரியா, வில கூடுதலா. பக்ஷே ஈ கம்பி நோக்கிக்கே" என்று குடையை விரித்துத் தலைகீழாகத் திருப்பி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, துணியில் ஒரு பொட்டு வெளிச்சம் கசிகிறதா என்று அவளையே பார்க்கச் சொல்வீங்க. முதலில் ஒப்புக்கொள்வது, அப்புறம்தான் "பக்ஷே", அதாவது "ஆனால்".

கிங்கும் அதையே செய்கிறார் பெரியப்பா. போராட்டத்தைவிடப் பேச்சுவார்த்தை நல்லது என்கிறீர்களா, ரொம்பச் சரி என்று ஒப்புக்கொள்கிறார். அப்புறம், உங்களைப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்கத்தானே இந்தப் போராட்டமே என்று திருப்புகிறார். இதைக் கிளாஸில் குடையோடு சேர்த்துச் சொன்னேன். செப்டம்பரிலிருந்து நான் வாய் திறந்து அத்தனை நேரம் பேசியது அன்றைக்குத்தான். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். பசங்களுக்கு மட்டும் ஒரே கேள்வி: குடை விற்றதா? நம்ம கடையிலாவது, விற்காமல் போவதாவது என்று சொல்லி வைத்தேன்.

அந்தப் பெருமையிலேயே அடுத்த வாரமும் வாயைத் திறந்தேன். அன்றைக்கு சாக்ரடிக் செமினார். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும்; டீச்சர் பேசாமல், யார் பேசினார்கள் என்று ஒரு தாளில் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் குறுக்கே போகக்கூடாது. நம்ம வீட்டில் நாலு பேர் சேர்ந்தாற்போல் பேசினால்தான் பேச்சு. இங்கே இடைவெளிக்குக் காத்திருந்து காத்திருந்து, இடைவெளி வரும்போது விஷயம் வேறெங்கோ போயிருக்கும்.

அன்றைக்கு எப்படியோ நுழைந்துவிட்டேன். கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர் அவரையும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டத்தகாதவர் என்றே அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்று இருந்ததாகவும், யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான் என்று பட்டதாகவும் கிங்கே 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். "அது எங்க மாநிலம்" என்றேன். விடாமல் வைக்கத்தையும் சொன்னேன். கோயிலுக்குள் போவதற்குக்கூட இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக 1924இல் சத்தியாக்கிரகம் நடந்தது, பெரியார் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜெயிலுக்குப் போனார் என்றெல்லாம் அடுக்கினேன். அஷ்டமிக்கு நீங்க எங்களை யானை பார்க்கக் கூட்டிக்கொண்டு போன அதே தெரு. கோடு கோடாக என் பேருக்கு விழுந்துகொண்டிருந்தது.

எதிரில் இருந்த பெண், "அப்போ இப்போது அதெல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்கு ரேவதி அக்காவுக்கு வரனாக வந்த வைப்பின் தீவுப் பையன் ஞாபகம் வந்தான். பையன் தங்கம், நல்ல வேலை, எல்லாம் சரி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். அப்புறம் பெரியம்மா ஒரு "ஆனால்" சொன்னாள். அந்த ஆனாலுக்குப் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. நீங்களும் எழுந்து கடைக்குப் போய்விட்டீங்க.

கிளாஸில் நான், "சட்டப்படி போய்விட்டது" என்றேன். டீச்சர் கோடு இழுத்தார். "ஸோ வாட்?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தேவலை. அதற்கப்புறம் இந்தியா என்று எங்கே வந்தாலும் எல்லார் தலையும் என் பக்கம் திரும்புகிறது. கோடிக்கணக்கான ஜனத்துக்கும் நான் ஒருத்தி பதில் சொல்ல வேண்டும். இந்த உத்தியோகத்தை யார் எனக்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவர்கள் ஊரைப் பற்றி அவர்களை ஒருத்தரும் இப்படிக் கேட்பதில்லை.

வாரக் கடைசியில் அப்பா எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். சேமியாவிலிருந்து புடவை வரைக்கும் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை. ஒருத்தரும் "லாஸ்ட் எத்ரயா சேட்டா?" என்று கடைசி விலை கேட்பதில்லை. ஒருத்தரும் கோபித்துக்கொண்டு நாலு எட்டு நடப்பதில்லை, ஒருத்தரும் திரும்பக் கூப்பிடுவதும் இல்லை. பணத்தைக் கொடுத்தோம், பையை வாங்கினோம். நம்ம ஊரில் மேனகை ஸ்டாப்பில் இறங்கினதிலிருந்து கடை வரைக்கும் காதைத் துளைக்கிற அந்தச் சத்தத்தை நான் எத்தனை திட்டியிருக்கிறேன்! அதில்தான் வீட்டுப்பாடமே செய்தேன். இங்கே என் அறையில் அவ்வளவு அமைதி. ஒரு பத்தி எழுதுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன். அடுத்தது வாதக் கட்டுரை. தலைப்பு நம்ம இஷ்டம். "எல்லா விலையையும் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்" என்று எடுத்திருக்கிறேன். மொத்தம் 6 மார்க்: கருத்துக்கு 1, ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, மீதி 1 எழுத்தில் தெரிகிற முதிர்ச்சிக்கு. அந்தக் கடைசி ஒன்று எப்படிக் கிடைக்கும் என்று கேட்டால், தேடிப் போனால் கிடைக்காது என்கிறார் டீச்சர். அதை விட்டுவிட்டேன். ஆனால் ஆதாரத்தை விட முடியாது. புத்தகத்தில் இல்லாததற்கு ஆளைப் பேட்டி எடுத்து, அவர் பேரையும் பேசின தேதியையும் கட்டுரைக் கடைசியில் போட வேண்டும். அந்த ஆள் நீங்கதான். "சும்மா ஒருத்தர் சொன்னார்னு போடு" என்றால் மார்க் போய்விடும், அதனால் பேர் கொடுத்தே ஆக வேண்டும்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி இங்கே பத்தரைக்குக் கூப்பிடுகிறேன். உங்களுக்கு ஞாயிறு காலை எட்டு மணி. அதற்கடுத்த வாரம் என்றால் ஒன்பது. நவம்பர் 2 முதல் இவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், அதுவும் ஒரு தனிக் கூத்து. குடையைப் பற்றிக் கொஞ்சம் கேட்பேன், யாருக்கு எவ்வளவு குறைப்பீங்க, எதை வைத்து முடிவு செய்வீங்க என்று கேட்பேன். கடைசியில் ரேவதி அக்கா விஷயத்தையும் கேட்பேன். அது கட்டுரைக்கு இல்லை, எனக்கு. பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால், "கடையில் ஆள் வந்தாச்சு" என்று போனை வைத்துவிடலாம் என்று பார்ப்பீங்க. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்று எனக்குத் தெரியும்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உங்கள்
மீனு