மாமனார் வண்டி

எங்கள் டிராக்டர் மாமனார் கொடுத்தது. ஆகவே அதில் குறை சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தொழுவமே மறையும்படி நீலப் புகை கக்கியபோதுகூட, "வண்டி ஆயில் குடிக்குது" என்று பொதுவாகத்தான் சொன்னேன். "எங்கப்பாகிட்ட இருந்தவரைக்கும் அதுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையே" என்றாள் மனைவி.

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எஞ்சினை இறக்கிரலாம்ணே" என்றார். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் உழும்போதும் புகைய வேண்டும். எங்கள் வண்டி ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்து, காலையில் மட்டும் புகைந்து, சற்று நேரத்தில் தெளிந்துவிடும். (இதில் மட்டும் அது என் சாயல்.) வால்வ் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சூட்டில் இறுகிவிட்டால், மேலே நிற்கும் ஆயில் கைடு வழியாகக் கசிந்து இறங்கி, விடியும்வரை சிலிண்டருக்குள் காத்திருக்கும். "ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாத்தலாம்" என்றேன். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதால் செய்ய வேண்டியதாயிற்று.

ராக்கரைக் கழற்றியாயிற்று. அடுத்து, வேலை செய்யும் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். வால்வை அமுக்கினால் கொஞ்சம் இறங்கி பிஸ்டனில் முட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கை எடுத்ததும் வால்வ் உள்ளே விழும். அப்புறம் மெக்கானிக் சொன்னதுதான் வேதம். கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுத் திருக என் தொப்பை இடம் தராததால் அந்தப் பொறுப்பு மனைவிக்குப் போயிற்று. மேலே நின்று "இன்னும் கொஞ்சம்... போதும்" என்று சொல்லும் நிர்வாகப் பதவியை நான் ஏற்றேன்.

மூன்று சிலிண்டர், ஆறு வால்வ். ஸ்பிரிங்கை அமுக்கினால் வால்வுக்கு இரண்டாக, நகக்கண் அளவில் 12 லாக். ஒன்று நழுவி புஷ் ராடு துளைக்குள் போனால் சம்ப் வரை தேட வேண்டும். "துளையை எல்லாம் துணியால அடை. நூல் பிரியாத நல்ல துணியா இருக்கணும்" என்று உத்தரவிட்டேன். என் அக்கா எடுத்துக் கொடுத்த பட்டுக்கரை வேட்டி நேர்த்தியான துண்டுகளாக வந்து சேர்ந்தது.

பழைய சீல் கறுத்து, தொட்டதும் அப்பளமாய் நொறுங்கியது. புதியதை ஏற்றுமுன் வால்வ் தண்டின் நுனிக் காடியில் டேப் சுற்றி ஆயில் தடவினோம். காடியின் விளிம்பு ரப்பரைக் கீறிவிடும். லாக்கில் கிரீஸ் தடவினால் இடத்தில் ஒட்டி நிற்கும். இதையெல்லாம் நான் விளக்க விளக்க, செய்தது அவள் விரல்கள். என் விரலுக்கு லாக் அகப்படவே இல்லை. கடைசியாக ஃபீலர் கேஜ் வைத்து டேப்பெட் சரிசெய்தது நான். கேஜைப் பிடித்துக்கொண்டிருந்தது நான் என்று படிக்கவும்.

மறுநாள் புகை இல்லை. "வண்டி நல்லாத்தான்ப்பா இருக்கு, இவருதான் சரியாப் பாத்துக்கல" என்று பிறந்த வீட்டுக்குப் போன் போயிற்று.

உங்கள் வண்டியும் காலையில் மட்டும் நீலமாகப் புகைந்தால், எஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன் வால்வ் கவரைத் திறந்து பாருங்கள். வால்வைப் பிடித்து ஆட்டியும் பாருங்கள்; கைடு தேய்ந்திருந்தால் புதுச் சீலும் நிலைக்காது. துளையை அடைக்கும் துணியை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.