நீலக் கண் கேட்ட சிறுமி

கேள்வி: நல்ல கதை எழுதக் கற்பனை போதாதா? குடும்பம், இனம், பரம்பரையெல்லாம் எதற்கு?

பதில்: கற்பனை பறக்கட்டும், தாராளமாக! கிளம்புவதற்கு ஒரு வாசல் வேண்டுமே? அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனுக்கு அது ஒஹையோ மாநிலத்து லொரெய்ன். 1931-இல் அங்கே பிறந்தார். அப்பா வெல்டர். வீட்டில் பாட்டுக்கும் பேய்க் கதைக்கும் பஞ்சமே இல்லை. முதல் நாவலான 'தி புளூவெஸ்ட் ஐ' (1970) நடப்பதும் அதே ஊரில்தான்.

அதில் பெக்கோலா என்றொரு கறுப்பினச் சிறுமி. ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் படம் போட்ட கோப்பையைக் கீழே வைக்க மனமில்லாமல், வீட்டிலிருக்கும் பாலையெல்லாம் அதில் ஊற்றி ஊற்றிக் குடித்துத் தீர்க்கிறாள். அந்த வெள்ளை முகத்தின் மேல் அவ்வளவு ஆசை! நீலக் கண் வேண்டுமென்று ராத்திரிதோறும் பிரார்த்தனை வேறு. கறுப்பு அழகில்லை என்று அந்தப் பிஞ்சுக்குச் சொன்னது யார்? பள்ளிக்கூடம், சினிமா, பொம்மை, ஏன், பெற்ற தாயும்தான். வெளியிலிருந்து பார்த்து இதை எழுதிவிட முடியாது.

மாரிசனுக்கு 1993-இல் நோபல் பரிசு வந்தது. இலக்கியத்துக்காக அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 'பொண்ணு கலர் கம்மி' என்று பேசுகிற நம் வீடுகளில் இந்த நாவலை அவசியம் படியுங்கள்.