சட்டைப்பை வைத்தியர்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு அமிர்தாஞ்சனம் தந்த மனிதரின் பெயரை வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள். காலையில் அங்கே நடக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எங்காவது ஒரு வலி; மீதிப் பேர் அதற்கு மருந்து சொல்கிறவர்கள். இந்த இரண்டாவது கட்சியின் தலைவர் எல்லா ஊர்ப் பூங்காவிலும் ஒருவர் உண்டு. பேனா இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கும்.

வாரத்தில் ஆறு நாள் நாற்காலியை விட்டு எழாதவர், அந்தக் கடனையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வட்டியோடு அடைப்பார். செவ்வாயன்று கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் மாடிப்படி இறங்குவார். ஏறும்போது அவ்வளவு தெரியாது, இறங்கும்போதுதான் தொடை கூப்பாடு போடும்.

"எல்லாம் லாக்டிக் ஆசிட் சார்!" என்பார். பாவம் அந்த அமிலம்! ஞாயிற்றுக்கிழமை இட்லி ஆறுவதற்குள் உடம்பு அதைத் தீர்த்துக்கட்டிவிட்டது. பழக்கமில்லாத வேலையில் தசை இழைகளுக்கு ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைத் தொடர்ந்த அழற்சியும்தான் செவ்வாயன்று வலிக்கின்றன. அதே பயிற்சியை அடுத்த வாரமும் செய்தால் தசை பழகி, வலி குறையும். இவரோ இந்த வாரம் பஸ்கி, அடுத்த வாரம் ஷட்டில், அதற்கடுத்த வாரம் பரங்கிமலைப் படிகள். புது வலிக்குப் புது அட்டை.

மாத்திரைகளை அவர் வகைப்படுத்தியிருக்கும் முறையை எந்த மருத்துவக் கல்லூரியிலும் கற்க முடியாது. பாரசிட்டமால் 650 சைவம், விருந்தாளிக்கும் தரலாம். ஐபுபுரூஃபன் அசைவம்; சாப்பிட்ட பிறகுதான். டைக்ளோஃபினாக் பிரியாணி; விசேஷ நாளுக்கு மட்டும். வயிறு எரிந்தால் ஒரு கேஸ் மாத்திரை. சும்மா விட்டாலே சில நாளில் அடங்கிவிடுகிற வலிதான். ஆனால் வியாழக்கிழமை அது அடங்கும்போது புகழ் முழுவதும் அட்டைக்கே போகும்.

சமீபத்தில் இன்னொரு படி முன்னேறியிருக்கிறார். ஓடுவதற்கு முன்பே ஒரு ஐபுபுரூஃபன். "முன்ஜாமீன் சார்!" என்று கண்ணடித்தார். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்று பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் எச்சரித்தார். அதோடு விடவில்லை. டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்த கதையையும், 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டதையும் விளக்கினார்.

நம்மவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மாட்டைத் தின்னா அப்படித்தான் சார் ஆகும். நான் சுத்த வெஜிடேரியன்."

போன மாதம் முழு உடல் பரிசோதனைக்கு மனைவி இழுத்துக்கொண்டு போனார். "வழக்கமா ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டாராம். மனைவி வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது:

"மருந்தா? எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்!"