டிமாயுகா: அசைக்க முடியாத ஒரு குடும்பப் பெயர்

டிமாயுகா என்பது பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மணிலாவுக்குத் தெற்கேயுள்ள பதங்காஸ் மாகாணத்தைத் தாயகமாகக் கொண்ட ஒரு குடும்பப் பெயர். மொழி தகாலோக். பொருள், 'உலுக்க முடியாதவர்'. சாந்தோஸ், ரேயஸ், கார்சியா, மெண்டோசா போன்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு தட்டுப்படும் நாட்டில் இது அரிதாகவே காதில் விழும். ஆனாலும் அரிதாயிருப்பது மட்டுமே ஒரு பெயரை ஆய்வுக்குரியதாக்கிவிடாது. இப்பெயரைச் சூடியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மண், உலகில் ஓயாமல் உலுக்கப்படும் மண்களில் ஒன்று. பெயருக்கும் நிலத்துக்கும் இடையே நீடித்து வரும் இந்தக் கருத்து வேறுபாடே இங்கு ஆராயப்படுகிறது.

சொல்லை மூன்றாகப் பிரிக்கலாம். 'டி' என்பது எதிர்மறை. 'மா' என்பது ஒரு செயல் கைகூடும் என்பதைக் காட்டும் முன்னொட்டு. 'யுகா' என்பது உலுக்குதல், ஆட்டுதல். இன்றைய தகாலோக்கில் 'உகா', 'யுக்யோக்' என்பவை அதே பொருளில் வழங்குகின்றன. தகாலோக்கில் வடமொழிச் சொற்கள் பல உண்டு. ஆசிரியரைக் குறிக்கும் 'குரோ', தேவதையைக் குறிக்கும் 'டிவாத்தா' இரண்டும் அவ்வழி வந்தவையே. அந்தத் துணிச்சலில் 'யுகா'வை யுகத்தோடு முடிச்சுப்போட்டு, டிமாயுகா என்றால் 'யுகங்களைக் கடந்தவர்' என்று தீர்ப்புக் கூறும் ஆசை எழுவது இயல்பு. இலக்கணம் அதற்கு இடம் தராது. 'டிமா'வுக்குப் பின் வினை வேண்டும். யுகத்தை யாரும் வினையாக்கியதில்லை.

இப்பெயருக்கு உடன்பிறப்புகள் உண்டு. டிமாகுலங்கான், குறைக்க முடியாதவர். டிமாகீபா, இடித்துத் தள்ள முடியாதவர். டிமாலாந்தா, வாடாதவர். டிமாதுலாக், தள்ள முடியாதவர். டிமாபாசோக், உள்ளே நுழைய முடியாதவர்; அதாவது அவருக்குள் பிறர் நுழைய முடியாது, அவரால் எங்கும் நுழைய முடியாது என்பதல்ல. டிமாசூபில், அடக்க முடியாதவர். டிமாஉனாஹான், முந்த முடியாதவர். இவை எல்லாவற்றிலும் நுட்பமானது டிமாஆனோ. 'ஆனோ' என்றால் 'என்ன' என்ற வெறும் கேள்விச் சொல். தகாலோக் அந்தக் கேள்வியையே வினையாக்கி, ஒருவருக்கு ஏதாவது நேர்வதை 'மாஆனோ' என்கிறது. அதை மறுத்தால் டிமாஆனோ: அவருக்கு எதுவும் ஆகாது, அவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குறைத்தல், இடித்தல், உலுக்குதல் என்று ஆபத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த மற்றக் குடும்பங்களைவிட, எல்லா ஆபத்துக்கும் சேர்த்து ஒரே பெயரில் காப்பீடு எடுத்த குடும்பம் இது என்று கொள்ளலாம்.

இவ்வகைப் பெயர்களைப் பொதுவாக வீரப் பெயர்கள் என்று சொல்லிவிடுவார்கள். அது மேலோட்டமான முடிவு. வீரனின் பெயர் அவன் செய்ததைச் சொல்ல வேண்டும்: வென்றவன், கொன்றவன், கடந்தவன். டிமாயுகா எதையும் செய்ததாகப் பெயர் சொல்லவில்லை. உலுக்கியவர் வேறொருவர், அவர் தோற்றார். அந்த வேறொருவர் யார், எப்போது வந்தார், எத்தனை முறை முயன்றார் என்பது சொல்லில் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் சொல்லே இல்லை. இடிக்க வருபவர் இல்லாத ஊரில் டிமாகீபா என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றாது. ஆகவே இந்தப் பெயர்களை அவற்றைச் சூடியவர்களின் குணப்பட்டியலாகப் படிப்பதைவிட, அவர்களின் அண்டைவீட்டார் மீதான புகார்ப் பதிவேடாகப் படிப்பதே பொருத்தம்.

பெயர் என்றைக்குத் தோன்றியிருந்தாலும், தந்தையிடமிருந்து மகனுக்குத் தவறாமல் இறங்கும் குடும்பப் பெயராக அது இறுகியதற்குக் காரணம் ஒரு ஸ்பானிய அதிகாரி. நார்சிஸோ கிளவேரியா 1844-இல் பிலிப்பைன்ஸின் ஆளுநர் தலைவராக வந்தார். ஒழுங்கில்லாத எதையும் பொறுக்காதவர். வந்த ஆண்டிலேயே நாட்காட்டியில் கை வைத்தார். மெக்ஸிகோ வழியாக வந்த ஆட்சி என்பதால் பிலிப்பைன்ஸ் அதுவரை அமெரிக்கக் கணக்கைப் பின்பற்றி, ஆசியாவின் பிற பகுதிகளுக்கு ஒரு நாள் பின்தங்கியிருந்தது. அதைச் சரிக்கட்ட 1844 டிசம்பர் 31 செவ்வாய்க்கிழமையை அவர் அடியோடு நீக்கினார். டிசம்பர் 30 திங்கள் இரவு படுத்தவர்கள் 1845 ஜனவரி 1 புதன் காலை எழுந்தார்கள். ஒரு நாளையே காணாமல் போக்கியவருக்குப் பெயர்கள் பெரிய காரியமல்ல.

மாகாணங்களைச் சுற்றிப் பார்த்தபோது அவரை உறுத்தியது, குடிமக்கள் தம் விருப்பப்படி புனிதர்களின் பெயர்களை ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரே ஊரில் கணக்கற்ற தெ லா குரூஸ்கள், தெ லோஸ் சாந்தோஸ்கள். அவர்களுக்குள் உறவு எதுவும் இல்லை. அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு வேறொன்று. யாரிடம் வரி வாங்குவது, யாருக்கும் யாருக்கும் திருமண முறை உண்டு என்று பங்குச் சாமியார் எப்படிக் கண்டுபிடிப்பது? 1849 நவம்பர் 21-இல் ஆணை பிறந்தது. அதனுடன் ஏறத்தாழ 60,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியல் அச்சிடப்பட்டு மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. ஸ்பானியப் பெயர்கள் போதாமல், செடி, விலங்கு, கனிமம், குணம், தொழில் என்று உள்ளூர்ச் சொற்களையும் பாதிரிமாரிடம் திரட்டிச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வோர் ஊருக்கும் சில பக்கங்கள் போய்ச் சேரும். குடும்பத்தில் மூத்தவர் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்வார். பள்ளிக்கூட வாத்தியார்களும் இந்தப் பணியில் இழுத்துவிடப்பட்டார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பதிவேட்டிலுள்ள பெயரால் மட்டுமே அழைக்கும்படி பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. விளையாட்டுத் திடலில் இந்த விதி எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்பதை வாத்தியார் வேலை பார்த்த எவரும் ஊகிக்கலாம்.

பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்ததன் விளைவு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. பிக்கோல் பகுதியில் அல்பாய் மாகாணத்தின் தலைநகரில் 'ஏ' எழுத்தில் தொடங்கி, கடலோர ஊர்களுக்கு 'பி', 'சி' என்று நகர்ந்து, அகரவரிசை முழுவதும் நிலத்தின் மீது மாலைபோல் சுற்றிவந்தது. ஓவாஸ் என்ற ஊருக்கு வாய்த்தது 'ஆர்'. அங்கு பிறந்தவரைப் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். ஒரு பெயர் பிலிப்பைன்ஸில் அரிதாக இருப்பதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. பட்டியலின் ஒரு பக்கம் ஒரே ஓர் ஊருக்குப் போய், அதில் ஒரு பெயரை ஒரே ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தக் குடும்பத்தின் பிள்ளைப்பேறுதான் அப்பெயரின் மொத்த வரலாறு.

ஆணையில் ஒரு விலக்கு இருந்தது. நான்கு தலைமுறையாக ஒரே பெயரைத் தாங்கி வந்ததை நிறுவ முடிந்தவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். பழைய மன்னர் மரபின் பெயரான லாகந்துலா போன்றவற்றுக்கோ நேர் எதிரான காவல்: உரிமையுள்ள வழித்தோன்றல்களைத் தவிர மற்றவர்கள் தொடக்கூடாது. காரணம் மரியாதை மட்டுமல்ல. அம்மரபினருக்கு வரிவிலக்கு இருந்தது. உலுக்க முடியாதவர்களுக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. வரிவசூல் அவர்களை மற்றவர்களைப் போலவே உலுக்கியது.

கிளவேரியாவின் திட்டம் எவ்வளவு வென்றது என்பதற்கு ஒரு சான்று போதும். அவர் ஒழிக்க நினைத்த தெ லா குரூஸ் இன்றும் நாட்டின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. சாமானியனைக் குறிக்கும் கற்பனைப் பாத்திரத்துக்கே ஹுவான் தெ லா குரூஸ் என்றுதான் பெயர். மறுபுறம், குடும்பப் பெயரைக் கொண்டு ஒருவரின் வேரைக் கண்டுபிடிப்பதும் பல இடங்களில் வீண். மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைந்தா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1762 முதல் 1764 வரை மணிலாவைப் பிடித்து வைத்திருந்த ஆங்கிலேயர்கள் மதராஸிலிருந்து அழைத்துவந்த சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் அங்கே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தோர் முகத்தில் அந்த வரலாறு இன்றும் தெரியும் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதுண்டு. பெயர்களோ மற்றெவரையும் போல ஸ்பானியப் பெயர்கள்.

இனி, பெயர் தன் பொருளுக்கு உண்மையாக நடந்துகொண்டதா என்ற கேள்வி. பதங்காஸ் மாகாணத்தின் நடுவே ஏரி. ஏரியின் நடுவே தால் எரிமலை. 1754 மே மாதம் தொடங்கிய அதன் வெடிப்பு அவ்வாண்டு டிசம்பர் வரை நீடித்தது. தால், லிபா, தனாவான் என்று ஏரிக்கரை ஊர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போயின. மாகாணத் தலைநகரே தாலைவிட்டுப் பதங்காஸ் ஊருக்கு மாறியது. இடம்பெயர்ந்த தால் ஊரில் கட்டிய தேவாலயத்தையும் பின்னர் நிலநடுக்கம் சாய்த்தது. இப்போது நிற்கும் பெருங்கோயிலின் பணி 1856-இல் தொடங்கியது. 1911 ஜனவரி வெடிப்பில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2020 ஜனவரி 12 அன்று எழுந்த சாம்பல் மணிலாவின் விமான நிலையத்தையே மூடவைத்தது. இத்தனைக்கும் பிறகு டிமாயுகாக்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஊர்கள் நகர்ந்தன, பெயர் நகரவில்லை என்று அவர்களின் தரப்பில் வாதிடலாம். உலுக்க முடியாதவர் என்றால் உலுக்கப்படாதவர் என்று பொருளல்ல என்பது இன்னும் வலுவான வாதம்.

பதங்காஸ்காரர்களின் மிடுக்கு நாடறிந்தது. பேச்சைத் தொடங்கும்போதே 'ஆலா ஏ' என்று குரல் எழுப்புவார்கள். மடக்குக் கத்தியான பாலிசோங்கும், 'பராகோ' என்ற முரட்டுக் காப்பியும் அவர்களின் சீதனம். பராகோ என்பது காட்டுப்பன்றியையும் அடங்காத ஆணையும் சேர்த்துச் சுட்டும் சொல். இந்த ஊரில் 'அடக்க முடியாதவர்' என்ற பெயர் வியப்புக்குரியதல்ல. அப்பெயர்களில் ஒன்று பொருளுக்கு ஏற்ப நடந்துகொண்டதாகவும் காட்ட முடியும். 'டிமாகுஹா' என்றால் 'பிடிக்க முடியாதது, கைப்பற்ற முடியாதது'. பதங்காஸ் நகரின் மேயர் நாற்காலி 1988-க்குப் பின் பல தேர்தல்களில் டிமாகுஹா குடும்பத்தாரிடமே இருந்தது. எதிர்த்து நின்றவர்கள் வாக்குச்சீட்டைக் கொஞ்சம் கவனமாகப் படித்திருக்கலாம்.

எதிர்மறைப் பெயரின் பொற்காலம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி. எழுத்தாளர் ஹோசே ரிசாலின் குடும்பம் மெர்காடோ என்றிருந்து, கிளவேரியா ஆணைக்குப் பின் ரிசால் என்பதையும் சேர்த்துக்கொண்டது. அவரோ எழுதும்போது மூன்றாவதாக ஒன்றைத் தேடி டிமாசாலாங், 'தொட முடியாதவர்', என்று வைத்துக்கொண்டார். 1887-இல் வெளியான அவருடைய முதல் நாவலின் லத்தீன் தலைப்புக்கும் 'என்னைத் தொடாதே' என்றுதான் பொருள். 1889-இல் வந்த அங்கத நூல் ஒன்றில் இப்பெயரை 'டிமாஸ் ஆலாங்' என்று இரண்டாக வெட்டிக் கையெழுத்திட்டார். டிமாஸ் என்பது ஏசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனின் பெயர்; ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் ஞானஸ்நானம் பெற்ற ஒரு நல்ல கிறிஸ்தவரின் கையெழுத்துப் போலவே தோன்றும். புரட்சி இயக்கமான கத்திபுனானின் எமிலியோ ஹசிந்தோ 'டிமாசீலாவ்', கண்கூச வைக்க முடியாதவர், என்ற பெயரில் எழுதினார். புலாக்கான் மாகாணத்தில் படை நடத்திய பள்ளி ஆசிரியர் யூசேபியோ ரோக்கே 'டிமாபுங்கோ', மோத முடியாதவர். பதிவேட்டைக் காக்கச் சொல்லி 1849-இல் வாத்தியார்களுக்கு இட்ட கட்டளை, ஒரு வாத்தியாரிடம் இப்படி வந்து முடிந்தது.

இன்று டிமாயுகா பதங்காஸிலிருந்து மணிலாவுக்கும், வேலை தேடிப் போனவர்களோடு வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றிருக்கிறது. பிலிப்பைன்ஸ் வழக்கப்படி தாயின் பிறந்தவீட்டுப் பெயர் பிள்ளைக்கு நடுப்பெயராகும்; கையெழுத்தில் அது ஓர் எழுத்தாகச் சுருங்கும். மகள் வழியில் எந்த அரிய பெயருக்கும் ஆயுள் ஒரு தலைமுறை, அதுவும் ஒற்றை எழுத்தாக. முதற்பெயரை மாற்ற 2001-ஆம் ஆண்டுச் சட்டம் எளிய வழி தந்தது; உள்ளூர்ப் பதிவாளரிடம் விண்ணப்பித்தால் போதும். குடும்பப் பெயரை மாற்ற நீதிமன்றம் போக வேண்டும். பெயர் நகைப்புக்கிடமாக இருப்பது அங்கு ஒப்புக்கொள்ளப்படும் காரணங்களில் ஒன்று. நிலநடுக்கத்தின்போது மேசைக்கடியில் ஒளிந்தவரின் பெயர் 'உலுக்க முடியாதவர்' என்றிருப்பது அந்த வரையறைக்குள் வருமா என்பது வழக்கறிஞர்களுக்குரிய கேள்வி.

எஞ்சியிருப்பது வரிசை. பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் வருகைப் பதிவு குடும்பப் பெயரின் ரோமன் எழுத்து அகரவரிசையில் நடப்பது வழக்கம். இக்கட்டுரையில் குடும்பப் பெயராகக் கூறப்பட்ட 'டிமா' வகையினர் அனைவரும் ஒரே வகுப்பில் வந்து அமர்ந்தால், முதலில் அழைக்கப்படுபவர் டிமாஆனோ. பிறகு டிமாகுஹா, டிமாகுலங்கான், டிமாகீபா, டிமாலாந்தா, டிமாபாசோக், டிமாசூபில், டிமாதுலாக். 'முந்த முடியாதவர்' என்று பொருள்படும் டிமாஉனாஹான் ஒன்பதாவது. அவருக்கும் பின்னால், பத்தாவது இடத்தில் டிமாயுகா.